கிழக்குமுனை திறக்கவில்லை

அவனைத் திட்டாதீர்கள் சார். கொடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு சும்மா நிற்கிறானே என்று உங்களுக்குக் கோபம் வருகிறது. வரத்தான் செய்யும். இந்த பஸ்ஸில் இருக்கிற அத்தனை பேருக்கும் வருகிறது, டிரைவர் நாலு தரம் ஹாரன் அடித்துவிட்டார். ஆனால் அவன் கையில் எதுவுமில்லை. பாதி ரோட்டைத் தோண்டிப் போட்டிருக்கிறார்கள். மீதிப் பாதியில் ஒரு நேரத்தில் ஒரு பக்கத்து வண்டிகள்தான் போக முடியும். அந்தக் கோடியில் இன்னொருத்தன் நிற்கிறான். அவன் அங்கே அடைத்துவிட்டான் என்று உறுதியானால்தான் இவன் இங்கே திறக்கலாம். இருபது நிமிஷமாகும். வேண்டுமானால் கடிகாரத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், நானும் ரோடு வேலையில்தான் இருக்கிறேன். மஸ்கட்டில் பதினாறு வருஷம், திரும்பி வந்து இங்கே மூன்று வருஷம். போக்குவரத்துப் பிரிவு. வேலை நடக்கிற இடத்தில் வண்டிகள் ஒன்றோடொன்று முட்டிக்கொள்ளாமல் பார்த்துக்கொள்கிற பொறுப்பு.

எங்கே போகிறேன் என்று கேட்டீர்களே. நீடாமங்கலம் தாண்டி ஒரு ஊர். ஒரு வீட்டுக்குப் போய் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். சொன்னால் என் மகளுக்குக் கல்யாணம். சொல்லாவிட்டால் இல்லை. இன்று வெள்ளிக்கிழமை, இன்றோடு கெடு முடிகிறது.

என்னை இந்த நிலைமையில் கொண்டுவந்து நிறுத்தியவன் பெயர் வேதரத்தினம்.

சொல்கிறேன், கேளுங்கள். வண்டிதான் நகரப் போவதில்லையே.

நான் இருக்கிற இடத்தில் ஒன்றரை கிலோமீட்டர் இப்படித்தான் பாதி ரோடு. ஒரு பக்கம் வாய்க்கால், ஒரு பக்கம் தோண்டிய பள்ளம், நடுவில் இரண்டு வளைவு, மூங்கில் குத்து. மேற்குமுனையில் நின்றால் கிழக்குமுனை தெரியாது. கம்பெனி வாக்கிடாக்கி கொடுத்தது. முதல் மழையிலேயே அது ஊமையாகிவிட்டது. அப்புறம் எப்படி நடக்கிறது என்று கேளுங்கள். கடைசியாகப் போகிற வண்டியில் ஒரு புங்கங்கிளையைச் செருகி அனுப்புவோம். கிளை அந்த முனைக்குப் போய்ச் சேர்ந்தால் இந்தப் பக்கத்து வண்டி எல்லாம் வந்தாயிற்று, ரோடு காலி, இனி நீ திறக்கலாம் என்று அர்த்தம். ரோடு வேலை நடக்கிற நிறைய இடத்தில் இப்படித்தான்.

ஆனால் நம் ஆட்கள் சும்மா இருப்பார்களா. ஒரு ஜல்லி லாரிக்காரன், அவனுடைய கூட்டாளி வண்டி எதிர்முனையில் நிற்கிறது என்பதற்காக, வழியில் இருந்த புங்கமரத்திலேயே ஒரு கிளையை ஒடித்து, இந்தாங்க கிளை என்று நீட்டிவிட்டான். அந்த முனை திறந்துவிட்டது. லாரிக்குப் பின்னால் டவுன்பஸ் வந்துகொண்டிருந்தது. வளைவில் மூக்கோடு மூக்கு. பின்னாலும் போக முடியாமல் முன்னாலும் வர முடியாமல் மூன்று மணி நேரம்.

அன்றைக்குத்தான் நான் யோசித்தேன். ஒரு முழ நீளத்தில் மூங்கில் கழி ஒன்று வெட்டினேன். இரண்டு நுனியிலும் சிவப்பு பெயிண்ட், நடுவில் என் கையெழுத்து. உலகத்திலேயே அது ஒன்றுதான். கழி எந்த முனையில் இருக்கிறதோ அந்த முனைதான் திறக்கலாம். மரத்தில் ஒடிக்க முடியாது, கடையில் வாங்க முடியாது. மஸ்கட்டில்கூட இப்படி ஒன்று கிடையாது சார். கம்பெனி இன்ஜினியர் என் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

வேதரத்தினம் என் ஊர்க்காரன். இறால் பண்ணை மூடிப்போய் வேலையில்லாமல் உட்கார்ந்திருந்தவன். நான்தான் கூட்டிவந்து கிழக்குமுனையில் நிறுத்தினேன். முதல் நாளே கையைப் பிடித்துச் சொன்னேன்.

"வேதம், போன்ல நானே கூப்பிட்டு விடுடான்னு சொன்னாலும் விடாதே. எங்கப்பா எழுந்திரிச்சு வந்து கேட்டாலும் விடாதே. கழி கையில இருந்தா தொற. இல்லைன்னா கல்லு மாதிரி நில்லு."

"சரிண்ணே."

எல்லாவற்றுக்கும் சரிண்ணேதான். நான் நம்பினேன். அந்த வேலை நம்பிக்கையில்லாமல் ஒரு நாள் ஓடாது. வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன நடக்கிறதென்று நம் கண்ணுக்குத் தெரியாது. அங்கே நிற்கிறவனை நம்பித்தான் ஐம்பது வண்டியை உள்ளே விடுகிறோம். அவன் கழியில் ரப்பர்பேண்ட் போட்டு வெற்றிலை சீவல் பொட்டலம் கட்டி அனுப்புவான். நான் வறுத்த கடலை கட்டி அனுப்புவேன். ஒரு நாளைக்கு முப்பது தடவை போகும், வரும். கூடப் பிறந்தவன்கூட அப்படி இருக்க மாட்டான்.

அந்தச் சமயத்தில்தான் மங்கைக்கு வரன் வந்தது. மங்கையர்க்கரசி, ஒரே பெண். எம்.எஸ்ஸி. கணக்கு முடித்துவிட்டு டவுனில் பள்ளிக்கூட வேலை பார்க்கிறாள். மாப்பிள்ளை கால்நடை டாக்டர். அவருடைய அப்பா திருஞானம், ரிட்டயரான ஹெட்மாஸ்டர். நல்ல குடும்பம். தரகர் அவர்களிடம் போய், பொண்ணோட அப்பா ஃபாரின்ல இருந்தவர், இப்ப ஹைவேஸ்ல இன்ஜினியர் என்று சொல்லிவிட்டார். நான் சொல்லச் சொல்லவில்லை. அதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை. திருஞானம் போனில், இன்ஜினியர் சாருங்களா என்று கேட்டார். நான், சொல்லுங்க என்றேன். நடந்தது அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை பெண் பார்க்க வருவதாக ஏற்பாடு. மூன்றரையிலிருந்து நாலரை நல்ல நேரம், நாலரைக்கு ராகுகாலம் பிறந்துவிடும். அவர்கள் வருவது கிழக்குமுனை வழியாக. என் வீடு நடுவில், இரண்டு வளைவுக்கும் இடையில் பிரிகிற சந்தில்.

ரோலர் ஓட்டுகிற ஆளை மேற்குமுனையில் நிறுத்திவிட்டு மூன்று மணிக்கு நான் கிளம்பினேன். கடைசி வண்டியாக என் பைக். கழி என்னிடம். நேரே கிழக்குமுனைக்குப் போய் வேதத்திடம் கொடுத்துவிட்டு, மாப்பிள்ளை வீட்டு வண்டி வந்தால் முதலில் விடு என்று காதில் ஒரு வார்த்தை போட்டுவிட்டுத் திரும்புவதாகத்தான் எண்ணம். சந்து முனையில் என் வீட்டுக்காரி நின்று கையைக் காட்டுகிறாள். கேசரி அடிப்பிடித்துவிட்டதாம், பக்கத்து வீட்டில் கேட்ட பிளாஸ்டிக் நாற்காலி இன்னும் வரவில்லையாம். ஐந்து நிமிஷம் என்று வண்டியைத் திருப்பினேன். நாற்காலி தூக்கினேன். வியர்த்துக் கொட்டியது, குளித்தேன். மஸ்கட்டிலிருந்து கொண்டுவந்த சென்ட்டைப் போட்டேன். வேட்டி கட்டிக்கொண்டு கண்ணாடி முன்னால் நிற்கும்போது போன்.

"அண்ணே, கழி வரலையே."

வேதரத்தினம்.

"வரும், வரும். அங்க யாரு நிக்கிறா?"

"ஏகப்பட்ட வண்டிண்ணே. பிரியாணி வண்டி ஒண்ணு நிக்குது, ரெண்டு டவுன்பஸ், அப்புறம் ஒரு வெள்ளை வேன், பழத்தட்டெல்லாம் வச்சிருக்காங்க."

"அந்த வேனை விடு."

"கழிண்ணே?"

"நான் சொல்றேன்ல. மேக்கால அடைச்சிதான் இருக்கு. எதிர வண்டி எதுவும் வராது. விடு."

"போன்ல நீங்களே சொன்னாலும் விடாதேன்னு சொன்னது நீங்கதானேண்ணே."

பாருங்கள். என் வாய்ப்பாட்டை என்னிடமே ஒப்பிக்கிறான். நான் என்ன வழிப்போக்கனா? குரல் தெரியாதா அவனுக்கு? அவன் வீட்டு அடுப்பு எரிகிறது என்றால் அது யாரால்? ஒரே ஒரு வண்டி சார். ஒன்று. ஒன்றரை வருஷப் பழக்கத்தில் நான் அவனிடம் கேட்ட ஒரே உதவி.

நீங்கள் கேட்க நினைப்பது புரிகிறது. கழியை நானே கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாமே என்று. என் வீட்டுக்காரியும் அதைத்தான் சொன்னாள். எப்படிப் போவது? கிழக்குமுனையில் நாலாவது வண்டியாக நிற்கிறது மாப்பிள்ளை வீட்டு வேன். நாளைக்குச் சம்பந்தியாகப் போகிறவர் முன்னால், பட்டுக்கரை வேட்டியோடு, கையில் சிவப்புக் கழியைத் தூக்கிக்கொண்டு போய் நிற்க முடியுமா? நீங்களே சொல்லுங்கள். பக்கத்து வீட்டில் யாரையாவது அனுப்பினால், கழி உன் வீட்டுக்கு எப்படி வந்தது என்று ஊர் முழுக்கப் பேச்சாகும். நான் பொறுமையாக இருந்தேன். இப்போது விடுவான், இதோ விட்டுவிடுவான் என்று வாசலில் நின்றேன். மூன்றே முக்கால், நாலு, நாலேகால். ஆறு தடவை போன் பண்ணினேன். நாலு தடவை சிக்னல் இல்லை. இரண்டு தடவை எடுத்து, "கழி அனுப்புங்கண்ணே" என்றான்.

மங்கை புடவை கட்டித் தலை நிறையப் பூ வைத்துக்கொண்டு கூடத்தில் உட்கார்ந்திருந்தாள். தண்ணீர் குடிக்க எழுந்தவள் குடை சாத்துகிற மூலையில் கழியைப் பார்த்துவிட்டாள்.

"அப்பா, இது ஏன் இங்க இருக்கு?"

"அது இருக்கட்டும். நீ உள்ள போ."

"இதுக்காகத்தான் அங்க எல்லாரும் நிக்கிறாங்களா?"

"வேதம் இப்ப விட்டுருவான்மா."

"அவர் விடமாட்டாருப்பா. அவருக்குச் சொல்லிக் குடுத்தது நீங்க."

அவ்வளவுதான். கழியை எடுத்து ஸ்கூட்டியில் கால் வைக்கிற இடத்தில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். பெண் பார்க்க வருகிற நாளில், பட்டுப்புடவையைச் சொருகிக்கொண்டு, மாப்பிள்ளை வீட்டார் எதிரிலேயே. நான் சந்து முனை வரைக்கும் ஓடினேன். கத்தினேன்கூட. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

நாலரைக்கு இரண்டு நிமிஷம் இருக்கும்போது கிழக்குமுனை திறந்தது. வண்டிகள் வர ஆரம்பித்தன. நான் கையைக் கூப்பிக்கொண்டு சந்து வாயிலில் நிற்கிறேன். பிரியாணி வண்டி போயிற்று. டவுன்பஸ் போயிற்று. வெள்ளை வேன் வந்தது. ஜன்னலோரம் திருஞானம். என்னைப் பார்த்தார், கையைத் தூக்கினார். வேன் நிற்காமல் போய்விட்டது. நல்ல நேரம் முடிந்துவிட்டதாம், நடுவில் நிறுத்தினால் பின்னால் நூறு வண்டி நிற்குமாம். அப்புறம் போனில் சொன்னார். நடுவில் எந்த வண்டியும் நிற்கக் கூடாது என்று நானே போர்டு எழுதி வைத்திருக்கிறேன், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது மற்றவர்களுக்கு எழுதியது.

மறுநாள் காலையில்தான் முழு விஷயமும் தெரிந்தது. சொன்னவனும் வேதரத்தினம்தான். டீக்கடையில் வைத்து, பல்லெல்லாம் தெரிய.

"அண்ணே, நேத்து அந்த வேன்காரப் பெரியவர் இறங்கி எங்கூட ரொம்ப நேரம் பேசிக்கிட்டு இருந்தாருண்ணே. இங்க இன்ஜினியர் குணசீலன் சார்னு ஒருத்தர் இருக்காராமே, தெரியுமான்னாரு. குணசீலன் அண்ணனா, அவரு மேக்குமுனையில கொடி புடிக்கிறாருங்க, எனக்கு வேலை கத்துக் குடுத்ததே அவருதான், இந்தக் கழி கண்டுபுடிச்சதும் அவருதான்னு எல்லாத்தையும் சொன்னேண்ணே. அசந்துட்டாரு."

அசந்துதான் போயிருப்பார்.

நான் டீயைக் கீழே ஊற்றிவிட்டு வந்துவிட்டேன். அன்றிலிருந்து அவனோடு பேச்சு இல்லை. கழி போகிறது, வருகிறது, அது வேலை. சீவல் பொட்டலத்தை இன்னும் கட்டித்தான் அனுப்புகிறான். நான் அவிழ்த்து மைல்கல் மேல் வைத்துவிடுகிறேன். கடலை அனுப்புவதில்லை. ஒரு நாள் ஒரு லாரி டிரைவர், "கெழக்குமுனைக்காரர் ஒங்களுக்கு ஒடம்பு சரியில்லையான்னு கேக்கச் சொன்னாரு" என்றார். எவ்வளவு நடிப்பு பாருங்கள். துரோகம் பண்ணுகிறவன் முகம் எப்போதும் வெள்ளையாகத்தான் இருக்கும்.

கொஞ்சம் நகருகிறது போலிருக்கிறதே. பார்த்தீர்களா, பதினெட்டு நிமிஷம். நான் இருபது சொன்னேன்.

ஒன்பது நாள் கழித்துத் திருஞானத்திடமிருந்து போன். முடிந்தது என்று நினைத்துக்கொண்டுதான் எடுத்தேன். மனிதர் சொல்கிறார்: "பையன் பொண்ணைப் பார்த்துட்டான் சார், ரோட்டுலயே. இவங்கதான் வேணுங்கிறான். எங்களுக்கும் சம்மதம். உங்க பொண்ணு என்ன சொல்றாங்கன்னு கேட்டுச் சொல்லுங்க."

எனக்குக் கால் தரையில் இல்லை. மங்கையிடம் ஓடினேன். பரீட்சைத் தாள் திருத்திக்கொண்டிருந்தாள். பேனாவைக் கீழே வைக்காமல் சொல்கிறாள்.

"எனக்கும் பிடிச்சிருக்கு. ஆனா ஒண்ணு. நீங்க என்ன வேலை பாக்குறீங்கன்னு நீங்களே அவங்க வீட்டுக்குப் போயி அவர்கிட்ட சொல்லணும்."

"அவருக்குத்தான் தெரியுமேம்மா. அந்த வேதம் பயல்..."

"வேதம் மாமா சொல்லித் தெரியும். நீங்க சொல்லித் தெரியாது."

"தெரிஞ்சதை எதுக்கு மறுபடி சொல்லணும்?"

"நாளைக்கு அந்த வீட்டுல உங்களை அவங்க இன்ஜினியர்னு ஒரு தடவை கூப்பிட்டா, நீங்க 'சொல்லுங்க'ன்னு நிப்பீங்க. அதை நான் பார்த்துக்கிட்டு இருக்கணும். வேணாம்ப்பா."

வளர்த்த பிள்ளை சார். மூன்று வயதில் விட்டுவிட்டுப் போனேன், வெயிலில் கருகிப் படிக்க வைத்தேன். இவள் எனக்குப் பரீட்சை வைக்கிறாள்.

போன வாரம் போனேன். போகாமல் இல்லை. நல்ல மரியாதை. காப்பி கொடுத்தார்கள். கொல்லையில் மாமரம் நிற்கிறது, ஒட்டு மாமரம், அதைப் பற்றிப் பேசினோம். எந்த உரம், எத்தனை நாளைக்கு ஒரு தண்ணீர் என்று இரண்டு மணி நேரம். ஒவ்வொரு பேச்சும் முடிந்ததும் அவர் என் முகத்தைப் பார்ப்பார். நான் வேறு ஒரு மரத்தைப் பற்றிக் கேட்பேன். வீட்டுக்கு வந்து, சொல்லிட்டேன்மா என்றேன். அவள் அங்கே போன் போட்டாள். அவர் ஹெட்மாஸ்டர் இல்லையா, பொய் வராது. "மாமரத்தைப் பத்தி ரொம்ப நல்லாப் பேசினார்மா" என்றாராம்.

முந்தாநாள் மறுபடி கிளம்பினேன். பஸ் அந்த ஊரில் நின்றது. எழுந்திருக்க வரவில்லை. அப்படியே கும்பகோணம் போய் ஒரு டீ குடித்துவிட்டுத் திரும்பினேன். அவர் வீட்டில் இல்லை என்று சொன்னேன். மங்கை நம்பவில்லை. "வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லலைன்னா நானே போன் பண்ணி வேணாம்னு சொல்லிடுறேன்" என்றாள். சொன்னால் செய்வாள். அவளுக்கு அந்தப் பையனைப் பிடித்திருக்கிறது, அது எனக்குத் தெரியும். அவனுடைய போட்டோவைக் கணக்குப் புத்தகத்துக்குள் வைத்திருக்கிறாள். ஆனாலும் செய்வாள்.

என்ன சார், அப்படிப் பார்க்கிறீர்கள்? அந்த வாக்கியம் என்ன என்றா? அதுதான் இவ்வளவு நேரம் சொல்லிக்கொண்டு வருகிறேனே. இல்லையா? வேதம் சொன்னதைச் சொன்னேன். தரகர் சொன்னதைச் சொன்னேன். மங்கை சொன்னதையும் சொன்னேன்.

சரி.

நான் ரோட்டில் கொடி பிடிக்கிறேன்.

அந்தத் தண்ணீர் பாட்டிலைக் கொஞ்சம் கொடுங்கள். உங்களிடம் சொல்வது சுலபம் சார். நீங்கள் யாரோ, நான் யாரோ. அங்கே அவர் நாற்காலியை எனக்கு எதிரே இழுத்துப் போட்டு உட்காருவார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். எல்லாவற்றையும் தெரிந்துகொண்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரிக் காத்திருப்பார். கோபப்பட்டாலாவது பதிலுக்கு நாமும் கோபப்படலாம். இப்படிக் காத்திருக்கிறவரிடம் என்ன செய்வது?

நேரே கும்பகோணம் போய்விட்டால்கூட ஒன்றும் குடி முழுகிவிடாது. கல்யாணம் என்ன, வேறு வரன் வராதா? கண்டக்டர் குரல் கொடுக்கிறார், நான் இறங்க வேண்டிய ஊர்தான். ஆனால் பாருங்கள், ஏறின கூட்டம் இப்படி அடைத்துக்கொண்டு நிற்கிறதே, இதில் எப்படி இறங்குவது, உங்கள் பை வேறு காலில்...

கொஞ்சம் இருங்கள். அந்தப் பக்கம், வேப்பமரத்தடியில், குடையோடு நிற்கிறாரே. அவர்தான். திருஞானம். பஸ்ஸின் ஒவ்வொரு ஜன்னலாகப் பார்த்துக்கொண்டு வருகிறார் சார். இதோ, பார்த்துவிட்டார். கையைத் தூக்குகிறார்.

எந்த பஸ்ஸில் வருகிறேன் என்று நான் யாரிடமும் சொல்லவில்லை. காலையில் கிளம்பும்போது மங்கை கேட்டாள், அவளிடம் மட்டும்தான் சொன்னேன். பெற்ற பெண் சார். அவளிடம் மட்டும்தான்.

காலை நகர்த்துங்கள், இறங்க வேண்டும்.